நான்காம் வரிசையின் குதிகால்கள்

முதலில் காட்டிக்கொடுத்தது பெஞ்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபை முழுவதும் எழுந்து நின்று, கண்களை மூடி, அன்றாட அப்பத்தையும் மன்னிப்பையும் கேட்கிற பரமண்டல ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்காம் வரிசைப் பெண்கள் வழக்கம்போல முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெபத்தின் முதல் வரிக்கு அவர்கள் எல்லோருடைய குதிகால்களும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பின. அடுத்த வரிக்கு ஒன்றாக இறங்கின. மூன்றாம் வரிக்கு மறுபடியும் எழும்பின. ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய மரப் பெஞ்சு 'கிர்ர்' என்றது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

காணிக்கைப் பையோடு பின்னால் நின்ற சபைச் செயலருக்கு, ஒரு வரிசைத் தலைகள் மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. தனக்குத்தான் தலை சுற்றுகிறதோ என்று தூணைப் பிடித்துக்கொண்டார். பீடத்தருகே நின்ற போதகர் சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும் திறந்தார். ஆமென் வந்தது. நான்காம் வரிசை 'தொப்' என்று தரைக்கு வந்தது. அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அந்த வரிசையில் நின்ற தையல்காரம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"அடுத்தது சுவராக்கா?"

ஐந்தாம் வரிசை வரைக்கும் கேட்டது.

கேள்வி அதே வரிசையின் ஓரத்தில் நின்றிருந்த டிக்கெட் அக்காவுக்கு. பேருந்து நிலையத்தின் டிக்கெட் ஜன்னலில் வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். முதுகில்லாத வட்ட ஸ்டூல், முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் பேசுவதற்குச் சின்னச் சின்னத் துளைகள், அதற்கு அப்பால் எப்போதும் ஒரு கூட்டம். துளை வழியே பேசிப் பேசிக் குரல் கெட்டியாகிவிட்டது. இன்றைக்கும் அவர் ரகசியம் சொன்னால் தெருமுனை வரை போகும்.

"இந்த பஸ் எப்பம்மா கிளம்பும்?" என்று யாராவது கேட்பார்கள்.

"டிரைவர் ஏறினதும்."

"டிரைவர் எப்ப ஏறுவார்?"

"டீ குடிச்சதும். அடுத்தவங்க வாங்க!"

அவர் கை வேகத்துக்குத் தனிப் பெயரே இருந்தது. பயணி ஊரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட் வெளியே வந்துவிடும். சொன்ன ஊர் தப்பாக இருந்தால் அது பயணியின் பாடு. வீட்டிலும் அதே வேகம்தான். சாப்பாடு, குளியல், சண்டை எல்லாம் எக்ஸ்பிரஸ். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர் அதற்கு நேர்மாறு. ஒரு நட்டைக் கழற்ற ஆரம்பித்தால் அதன் பூர்வீகத்தையே விசாரித்துவிட்டுத்தான் கழற்றுவார். மனைவியைக் கோயிலில் இறக்கிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவார். முன்னால் வந்து உட்காரச் சொன்னால், "வண்டிக்கு அடியில படுத்துக் கூப்பிட்டாலே கர்த்தருக்குக் கேக்கும். கடைசி பெஞ்சு கேக்காதா?" என்பார்.

ஸ்டூலில் கழிந்த ஆண்டுகள் அத்தனையும் டிக்கெட் அக்காவின் முழங்காலில் போய்ச் சேர்ந்திருந்தன. அது ஒரு திருவிருந்து ஞாயிறன்று வெளியே வந்தது. பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரத் தடுப்பின் அருகே, மெத்தைப் பலகையில், சின்ன வயதிலிருந்து செய்தது போலவே முழங்காலிட்டார். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினார். எழப் பார்த்தார். எழ முடியவில்லை. தடுப்பைப் பிடித்து இழுத்தார். தடுப்பு ஆடியது, ஆள் அசையவில்லை. செயலர் ஓடிவந்து ஒரு பக்கம், இன்னொருவர் மறுபக்கம் என்று தூக்கி நிறுத்தினார்கள். சபை மொத்தமும் பார்த்தது. தூக்கியதில் செயலருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக் கதை.

அதற்குப் பிறகு போதகரே அவர் இடத்துக்கு வந்து திருவிருந்து கொடுக்க ஆரம்பித்தார். "எனக்கு மட்டும் பார்சல் சர்வீஸ்" என்று டிக்கெட் அக்கா சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து போக, காலியான பெஞ்சில் தான் மட்டும் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் அவருக்குப் பிடிக்கவே இல்லை. தானே நடந்து போக வேண்டும், முழங்காலிட வேண்டும், யாரும் தொடாமல் எழுந்து வர வேண்டும். கர்த்தரிடமும் டாக்டரிடமும் அவர் கேட்டது இது ஒன்றுதான்.

டாக்டர், தொடை பலமானால் ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்கலாம் என்று சொல்லிப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். மகள் வயதுப் பெண் அவர். நாற்காலியில் உட்காரவைத்து, காலை நேராக நீட்டித் தூக்கச் சொன்னார்.

"அப்படியே பிடிங்கம்மா. பத்து எண்ணுங்க."

"எண்ணிட்டேன்."

"எப்ப?"

"இப்பதான்."

"அம்மா, பஸ் ஏதாவது கிளம்பப் போகுதா?"

பல தடவை முயன்று பார்த்தார்கள். மெதுவாக எண்ண ஆரம்பித்தாலும் ஐந்து தாண்டியதும் டிக்கெட் ஜன்னல் திறந்துகொள்ளும். கடைசியில் அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டு, "உங்களால அவசரப்படுத்தவே முடியாத ஏதாவது ஒண்ணு இருக்குமில்ல? அதைச் சொல்லுங்க" என்றார்.

டிக்கெட் அக்கா யோசித்தார். அவர் வாழ்க்கையில் அவசரப்படுத்தாத ஒரே ஒரு காரியம் இருந்தது. சின்ன வயதில் பரமண்டல ஜெபத்தை வேகமாக ஒப்பித்ததற்கு அம்மாவிடம் வாங்கிய கொட்டு உச்சந்தலையில் இன்னும் இருந்தது. காலைத் தூக்கினார். கண்ணை மூடினார். நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆமெனுக்கு முன்னால் தொடை நடுங்கியது. ஆமெனுக்குப் பிறகுதான் காலைக் கீழே விட்டார்.

"இதுதான் வேணும்!" என்றார் அந்தப் பெண்.

அதன் பிறகு வீட்டில் தினமும் நடந்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார ஒரு ஜெபம். குதிகால் எழுப்ப ஒரு ஜெபம், வரிக்கு வரி ஏறி இறங்கி. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல நிற்பதற்கு ஒரு ஜெபம், அதுதான் கொடுமை. பெண்கள் கூட்டம் முடிந்த ஒரு மாலையில் சபைக் கூடத்துச் சுவரில் அவர் அப்படி நின்றிருந்தபோது தையல்காரம்மா உள்ளே வந்தார்.

"என்னக்கா, சுவர்ல சாஞ்சு அழறியா?"

"நான் அழலடி. தொடை அழுது."

தையல் மெஷினில் குனிந்தே வாழ்ந்தவர் தையல்காரம்மா. அவருக்கும் இடுப்பு இருந்தது, இடுப்பில் வலியும் இருந்தது. பக்கத்துச் சுவரில் சாய்ந்தார். அடுத்த வாரம் இன்னும் சிலர் சாய்ந்தார்கள். போதகரிடம் கேட்டு, செவ்வாயும் வெள்ளியும் கூடம் அவர்களுடையதானது. அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிப் போடுவதே முதல் பயிற்சி.

அந்தக் கூடத்தில் கேட்ட பேச்சு எந்தக் கூட்டத்திலும் கேட்டிருக்காது.

"சீக்கிரம் ஆமென் சொல்லித் தொலைக்கா, கால் கழண்டுக்கும் போல!"

"தொலைக்கச் சொல்ற வார்த்தையா அது? முதல்லேர்ந்து."

"ஐயோ, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

வரிகளை விழுங்குகிறவர்களை டிக்கெட் அக்காவின் காது பிடித்துவிடும். "ஏய், மன்னிக்கிற வரியைத் தாண்டிக் குதிச்சிட்டியே, வீட்டுல யார் மேல கோபம்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பிடிபட்டவர், "மாமியார் மேலதான்" என்று ஒப்புக்கொண்டு முதலிலிருந்து சொல்வார். பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் வந்து பார்த்து, முழங்காலிட்டு எழும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். ஒரு பாதத்தை முன்னால் ஊன்ற வேண்டும், கையைத் தொடையில் வைக்க வேண்டும், குதிகாலால் தரையை அழுத்தி எழ வேண்டும். மடித்த பாயின் மேல் டிக்கெட் அக்கா எழுந்தே விட்டார். அடுத்த திருவிருந்து ஞாயிறுக்குப் பீடத்துக்குப் போவதென்று முடிவாயிற்று.

அதற்கு முன்னால் வந்ததுதான் அந்தப் பெஞ்சு ஞாயிறு.

ஆராதனை முடிந்ததும் டிக்கெட் அக்காவைப் போதகர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் கூடத்து விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்த செயலர் ஒரு கையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தார்.

"ஐயா, உடம்பு நல்லா இருக்கணும், அதுக்கு நான் குறுக்கே நிக்கலை. ஆனா ஜெபத்தை வச்சுத் தொடைக்குப் பயிற்சியா? நாளைக்கு ஞானஸ்நானத்தை வச்சு நீச்சல் கத்துக் குடுப்பாங்களா?"

"நீச்சலுக்கு நம்ம தொட்டி பத்தாதுங்க" என்றார் டிக்கெட் அக்கா.

போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தைச் சரிசெய்திருந்தார்.

"கூடத்தை மூடிடணும்ங்கறது என் அபிப்பிராயம்" என்றார் செயலர்.

"அதை யோசிச்சுச் சொல்றேன்" என்ற போதகர், டிக்கெட் அக்காவைப் பார்த்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்த ஜெபத்தைச் சொல்றப்ப உங்க மனசுல என்ன ஓடும்?"

டிக்கெட் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. ஜன்னலில் இருந்த காலத்திலும் சீட்டு இல்லையென்றால் இல்லை என்றே சொன்னவர்.

"முட்டி" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கணவர் பயந்து போய் ஓரமாக நிறுத்தினார்.

"இறங்கிட்டியோன்னு பார்த்தேன்."

"ஜெபத்தைக் கடிகாரம் ஆக்கிட்டேங்க" என்றார் டிக்கெட் அக்கா.

மறுநாள் காலை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை ஆட்டாமல் அசைக்காமல் அதே ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தார். முதல் வரியிலேயே குதிகால் துள்ளியது. கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார். தொடை இறுகுவதைத்தான் கவனித்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அம்மா கொட்டிக் கொடுத்த ஜெபம் முழங்காலுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது என்று அவருக்குப் பட்டது. பயந்துவிட்டார். சொல்வதையே நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமை கூடத்தில், இனிமேல் எண்ணிக்கைதான் என்று அறிவித்தார். கணவரைக் கைக்கடிகாரத்தோடு கூட்டி வந்திருந்தார். அவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்ததில் எப்போது நிறுத்தச் சொல்வது என்பதையே மறந்துவிட்டார். சுவரில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, எங்களைப் பார்த்தா உங்களுக்கு பஸ் மாதிரி இருக்கா?" என்று தையல்காரம்மா தரையிலிருந்து கேட்டார்.

வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வரவில்லை. அடுத்த செவ்வாய் திறக்க ஆளே வராமல் கூடம் பூட்டியே இருந்தது. ஞாயிறுகளில் நான்காம் வரிசை கைகளைக் கட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய நின்றது. அசைந்தால் பெஞ்சு காட்டிக்கொடுக்கும் என்று பயம்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் தையல்காரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"நாளைக்குப் போறியா இல்லையா?"

"பார்சலே போதும்டி."

"அடிச்சேன்னு வை! அந்தச் சுவர்ல நான் எதுக்கு உயிரை விட்டேன்? நீ எழுந்து வர்றதைப் பார்க்கத்தானே?"

"முட்டி எழுந்துடும். எனக்கே தெரியும். ஆனா அங்க போயும் நான் முட்டியைத்தானே நினைப்பேன்? கையில அப்பத்தை வச்சுக்கிட்டு முட்டியை நினைக்கவா போறது?"

மூலையில் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் வாயைத் திறந்தார்.

"வலிக்கிறதைக் கர்த்தர்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவே?"

"அது சொல்றது இல்லீங்க. நேரம் பார்க்கறது."

"எனக்கென்னமோ நீ அவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்த மாதிரிதான் இருந்துச்சு. இந்த வீட்டுல தினமும் காதுல விழுந்தது எனக்கு."

"உங்களுக்கு எல்லாமே ஸ்பேனர்ல முடிஞ்சுடும்."

"ஸ்பேனர்னதும்தான் ஞாபகம் வருது" என்று பையைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை டிக்கெட் அக்கா பார்சலுக்குத் தயாராகத்தான் வந்தார். வரிசையின் ஓரத்தில், பழைய இடத்தில். உட்கார்ந்ததும் ஒன்று கவனித்தார். முன்பெஞ்சின் பழைய நட்டுகளைச் சுற்றிப் புதிய எண்ணெய்ப் பளபளப்பு. முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். 'கிர்' இல்லை. திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் கணவர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பரமண்டல ஜெபத்துக்காக சபை எழுந்தது. போதகர் ஆரம்பிக்கவில்லை.

"ஒரு சின்ன விஷயம்" என்றார். "நான் இங்க வந்த நாள்லேர்ந்து நம்ம சபை இந்த ஜெபத்தை ரயிலைப் பிடிக்கப் போற மாதிரிதான் சொல்லும். கொஞ்ச மாசமா நிதானம் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. போன ரெண்டு வாரமா மறுபடியும் ரயில். அப்பதான் யாரோட சத்தம் குறைஞ்சிருக்குன்னு கவனிச்சேன். நாலாம் வரிசைக்காரங்களே, நீங்க ஆரம்பிங்க. நாங்க பின்னால வர்றோம்."

செயலர் தொண்டையைச் செருமினார். "குதிகால் தரையில இருக்கட்டும்" என்றார், மெல்ல. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை.

நான்காம் வரிசை ஆரம்பித்தது. டிக்கெட் அக்காவின் கெட்டிக் குரல் முதல் வார்த்தையில் தடுமாறியது, இரண்டாவதில் நின்றுகொண்டது. கோயில் முழுவதும் அந்த நடைக்குத் தன் நடையைக் குறைத்தது. வெள்ளிக்கிழமைச் சுவரில் சொன்ன அதே வேகம். எவ்வளவு நிதானம் என்று அவரே இப்போதுதான் வெளியிலிருந்து கேட்டார். குதிகால்கள் துடித்தன. துடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வரிசைகள் பீடத்துக்குப் போக ஆரம்பித்தன. நான்காம் வரிசை எழுந்தது. தையல்காரம்மா டிக்கெட் அக்காவைத் திரும்ப உட்கார விடாமல் பின்னால் நின்றார்.

"முன்னால நடக்கா. பின்னாடி கூட்டம் நிக்குது."

ஜன்னல்காரிக்கு இதைவிடச் சரியான கட்டளை கிடையாது. நடந்தார். தடுப்பின் அருகே நின்று வரிசையை ஒழுங்குசெய்த செயலர் அவரைப் பார்த்ததும் ஒரு கையை இடுப்புக்கும் ஒரு கையைக் காற்றுக்கும் கொண்டுபோனார். டிக்கெட் அக்கா மெத்தைப் பலகையில் முழங்காலிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு போதகரின் கை தடுப்பைத் தாண்டி அவரிடம் வந்தது. வாங்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

வலது பாதத்தை முன்னால் ஊன்றினார். கையைத் தொடையில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் எழுந்தார். முட்டியில் நெருப்புப் பிடித்தது போலிருந்தது. மறுபடியும் பலகைக்கே வந்தார். கை தானாகத் தடுப்பைத் தேடிப் போனது; அது ஆடும் என்பது நினைவுக்கு வந்து திரும்பியது. பின்னால் ஐந்தாம் வரிசை காத்து நின்றது. காத்து நிற்கும் வரிசையின் பொறுமை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாதா? செயலர் குனிந்தார்.

"வேணாம்" என்றார் டிக்கெட் அக்கா. "இருங்க."

கண்ணை மூடினார். நிதானமாக ஆரம்பித்தார். குதிகாலால் தரையை அழுத்தினார். அப்பம் கேட்கிற வரி வந்தது. அப்பம்தான் ஏற்கெனவே வாயில் இருந்ததே. அந்த இடத்தில் முட்டியைக் கேட்டார். நேரம் பார்க்கவில்லை, கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே தரை கொஞ்சம் கீழே போயிருந்தது.

கண்ணைத் திறந்தபோது எதிரே மெழுகுவர்த்திகள் கண்ணுக்கு நேராக இருந்தன. நின்றுகொண்டிருந்தார். யாரும் தொட்டிருக்கவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்று பலமாகப் பெருமூச்சு விட்டார் செயலர், இடுப்பிலிருந்து கையை எடுத்து. கோயிலில் அவரைவிட நிம்மதியானவர் அப்போது யாரும் இல்லை போலிருந்தது. போதகர் ரசக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே தலையை அசைத்தார். செவ்வாய்க்கிழமை கூடம் திறந்திருக்கும் என்பதற்கு அதற்குமேல் அறிவிப்பு தேவைப்படவில்லை.

டிக்கெட் அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். தையல்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

"எழுந்திரிக்க எத்தனை ஜெபம் ஆச்சுக்கா?"

"பாதி."

"மிச்சம்?"

"மன்னிக்கிற வரியிலேர்ந்து பாக்கி. நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்தா, உட்கார்ந்து சொல்லி முடிச்சுடறேன்."

அவருடைய ரகசியம் மூன்று வரிசைக்குக் கேட்டது. டிக்கெட் அக்கா கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து, அவசரமில்லாமல் சொல்ல ஆரம்பித்தார்.